அரை ஆயுளுக்கு ஒரு மறு ஆயுள்

கணிப்பொறி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்களும் கண் மலரும் இளைஞர்களும் நம் கல்லூரியில் ஒருங்கே உண்டு. இக்கட்டுரை இரு சாராருக்கும் உரியது. ஒரு விளையாட்டை ஆடி வெல்வது எப்படி என்று சொல்வது இதன் நோக்கமன்று. பெயர்பெற்ற விஞ்ஞானக் கதை விளையாட்டு ஒன்றை, அதன் ரசிகர்களே ஊதியமின்றிக் கூடி, அடித்தளத்திலிருந்து மீண்டும் எழுப்பினார்கள். எழுப்பும்போது சில இடங்களைச் சுருக்கினார்கள். ஓரிடத்தை மட்டும் மிகப் பெரிதாக விரித்தார்கள். ஏன் அவ்விடத்தை விரித்தார்கள், எவ்வாறு விரித்தார்கள், பிறர் படைப்பை விரிக்கும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பனவே ஈண்டு நாம் காணவிருப்பவை.

மூல விளையாட்டின் பெயர் ‘ஹாஃப்-லைஃப்’. இதைக் கண்டதும் நம் துறை மாணவர்க்கு அணுக்கரு இயற்பியல் பாடம் நினைவுக்கு வரும். கதிரியக்கத் தனிமம் ஒன்றின் அணுக்களில் பாதி சிதைந்து முடிய ஆகும் காலமே அரை ஆயுட்காலம். சிதைவு மாறிலியை லாம்டா என்னும் கிரேக்க எழுத்தால் குறிக்கிறோம், 0.693-ஐ அந்த லாம்டாவால் வகுத்தால் கிடைப்பது அரை ஆயுட்காலம். விளையாட்டின் சின்னமும் அந்த லாம்டாவே. கதாநாயகன் அணிந்திருக்கும் காப்புக் கவசத்தின் மார்பிலும் அவ்வெழுத்துத்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. சுட்டுத் தள்ளும் விளையாட்டு ஒன்றுக்கு இயற்பியல் புத்தகத்திலிருந்து பெயர் எடுத்தவர்களின் குறும்பு அதோடு நிற்கவில்லை. அத்தியாயங்களுள் ஒன்றின் பெயர் ‘சர்ஃபேஸ் டென்ஷன்’, அதாவது பரப்பு இழுவிசை. நிலத்தடிச் சுரங்கங்களில் நெடுநேரம் அலைந்தவன் நிலப்பரப்புக்கு வந்து படைவீரர்களிடம் மாட்டிக்கொண்டு திண்டாடும் அத்தியாயம் அது!

இதனை ஆக்கியது ‘வால்வ்’ என்னும் அமெரிக்க நிறுவனம். மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றி விலகிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் ஆகிய இருவர் 1996-இல் இதனைத் தொடங்கினர். முதல் விளையாட்டை 1997 இறுதிக்குள் முடித்துவிடத் திட்டமிட்டனர். செய்து பார்த்ததில் மனநிறைவு ஏற்படவில்லை. எனவே பெரும்பகுதியைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினர். 1998 நவம்பரில்தான் விளையாட்டு வெளிவந்தது. அதன் உள்ளே இயங்கும் நிரல் தொகுதியை, அத்துறையார் ‘என்ஜின்’ என்பர், ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘க்வேக்’ விளையாட்டிலிருந்து உரிமம் பெற்று எடுத்துக்கொண்டு, தேவைக்கேற்ப வெகுவாக மாற்றியமைத்தனர். கதையை எழுதியவர் மார்க் லெய்ட்லா; விஞ்ஞான நாவல்கள் எழுதியவர்.

கதை இதுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ‘பிளாக் மேசா’ என்ற ஆராய்ச்சிக்கூடம் நிலத்தடியில் பரந்து கிடக்கிறது. (முதல் அணுகுண்டு உருவான லாஸ் அலமாஸ் அதே மாநிலத்தில் இருப்பதை எண்ணிப் பார்த்தால், கதாசிரியர் இடத்தைத் தற்செயலாகத் தேர்ந்திருப்பார் என்று தோன்றவில்லை.) கோர்டன் ஃப்ரீமன் என்னும் இருபத்தேழு வயது இளைஞன், எம்.ஐ.டி.யில் கோட்பாட்டு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவன், காலையில் வேலைக்கு வருகிறான். எதிர்நிறை நிறமாலைமானி என்ற கற்பனைக் கருவிக்குள் ஒரு விசித்திரப் படிகத்தைத் தள்ளுவது அன்று அவனுக்கு இடப்பட்ட பணி. தள்ளுகிறான். ஒத்ததிர்வு கட்டுக்கடங்காமல் அடுக்கடுக்காகப் பெருகுகிறது. வேற்றுலகம் ஒன்றுக்கும் நம் உலகுக்கும் இடையே வாயில்கள் திறந்துகொள்கின்றன. அங்குள்ள உயிர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து விழுகின்றன. மீட்க வந்ததாக எல்லோரும் நம்பிய இராணுவம், நடந்ததை மறைப்பதற்காக விஞ்ஞானிகளையே சுடத் தொடங்குகிறது. ஃப்ரீமனுக்கு முதலில் கிடைக்கும் ஆயுதம் துப்பாக்கியன்று. ஆணி பிடுங்கவும் பெட்டி உடைக்கவும் பயன்படும் வளைந்த இரும்புக் கம்பி. ஆங்கிலத்தில் ‘க்ரோபார்’. இப்பெயரைப் பிற்பாடு மீண்டும் சந்திப்போம்.

இதற்கு முன் வந்த சுடும் விளையாட்டுகளிலும் கதை இருந்தது. ஆனால் பெரும்பாலும் அது உறையின் பின்பக்கத்தில் அச்சிட்டுக் கிடக்கும். ஹாஃப்-லைஃப் செய்த புதுமை, தொடக்கமுதல் இறுதிவரை அனைத்தையும் ஆடுபவரின் கண்வழியாகவே காட்டியது. நடுவில் விளையாட்டை நிறுத்தித் திரைப்படம் போலக் காட்சி ஓட்டுவதில்லை. முதல் சில நிமிடங்கள் ஒரு தொங்கு ரயிலில் ஆய்வுக்கூடத்துக்குள் பயணம் செய்வதைத் தவிர நமக்கு வேறு வேலையே கிடையாது. சாளரத்துக்கு வெளியே மனிதர்கள் வேலை செய்கிறார்கள், இயந்திரங்கள் சுமை தூக்குகின்றன, ஒலிபெருக்கி எதையோ அறிவிக்கிறது. ஒரு குண்டும் வெடிக்காமல் ஒரு சுடும் விளையாட்டு தொடங்குவதற்கு 1998-இல் துணிவு வேண்டும். அழியப்போகும் இடத்தை அழிவதற்கு முன்பே நாம் பார்த்துவிட்டதால்தான், பிறகு அது நொறுங்கிக் கிடப்பதைக் காணும்போது மனம் கனக்கிறது.

இவ்வளவு சிறப்புடைய விளையாட்டுக்கு ஒரு குறை இருந்தது. கடைசிப் பகுதியில் ஃப்ரீமன் வாயில் வழியே அந்த வேற்றுலகுக்கே தாவிச் செல்கிறான். அதன் பெயர் ‘ஸென்’. ஆய்வுக்கூடத்தின் ஒவ்வோர் அறையையும் செதுக்கிச் செதுக்கிச் செய்தவர்கள், ஸென்னை அவசர அவசரமாக முடித்தது கண்கூடாகத் தெரியும். வெற்று வானில் மிதக்கும் பழுப்புப் பாறைகள், பாறைக்குப் பாறை தாவவேண்டும், ஓரிரு பெரும் பூதங்களுடன் சண்டை, கதை முடிந்தது. பழகியவர் ஒருவர் சுமார் ஒரு மணி நேரத்தில் இதனைக் கடந்துவிடலாம். முதல் பாதியைப் போற்றியவர்களே இங்கு வந்ததும் சலித்துக்கொண்டார்கள்.

சலிப்பின் காரணத்தை இயற்பியலாலேயே விளக்கலாம். ஸென்னில் ஈர்ப்பு குறைவு. ஒருவர் எட்டும் உயரம் என்பது எழும்பும் வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுக்கக் கிடைப்பது. ஈர்ப்பைப் பாதியாக்கினால் உயரம் இருமடங்காகும். காற்றில் இருக்கும் நேரமும் இருமடங்காகும். ஆகவே முன்னோக்கிச் செல்லும் தூரமும் இருமடங்காகும். கேட்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் புறப்படும்போது திசையில் நேர்ந்த சிறு பிழையும் இறங்கும் இடத்தில் இருமடங்காக விலகி நிற்கும் அன்றோ? மேலும், கண்வழிப் பார்வையில் ஆடும்போது நம் பாதங்கள் நமக்குத் தெரியா. பாறையின் விளிம்பு எங்கே, நம் கால் எங்கே என்று அறியாமல் நெடுந்தூரம் தாவி, தவறி, படுகுழியில் விழுந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. வேற்றுலகின் வியப்பை உணரவேண்டிய நேரம் முழுவதும் விளிம்பைத் தேடுவதிலேயே கழிந்தது.

ரசிகர் படை

2004 நவம்பரில் ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளிவந்தது. அதற்கென்று வால்வ் நிறுவனம் ‘சோர்ஸ்’ என்ற புதிய என்ஜினை உருவாக்கியிருந்தது. பொருட்கள் எடைக்கேற்ப விழுந்தன, மிதந்தன, உருண்டன. மனித முகங்களில் உணர்ச்சி தெரிந்தது. பழைய விளையாட்டையும் அதே ஆண்டில் இப்புதிய என்ஜினுக்கு மாற்றி ‘ஹாஃப்-லைஃப்: சோர்ஸ்’ என வெளியிட்டனர். ரசிகர்கள் ஆவலோடு திறந்து பார்த்தால், தண்ணீர் மட்டும் பளபளத்தது. சுவர்களும் முகங்களும் 1998-இல் இருந்தவாறே இருந்தன. பழைய வண்டியைப் புதிய சக்கரத்தில் ஏற்றிய கதைதான்.

நிறுவனம் செய்யாததை நாமே செய்வோம் என்று இரண்டு ரசிகர் குழுக்கள் தனித்தனியே புறப்பட்டன. ஒரே வேலையை இரு இடத்தில் செய்வானேன் என்று 2005-இல் இரண்டும் ஒன்றாயின. பணிக்கு ‘பிளாக் மேசா: சோர்ஸ்’ எனப் பெயரிட்டனர். நிறுவனமே வெளியிடும் பொருள் என்று மக்கள் மயங்கக்கூடும் என்பதால் ‘சோர்ஸ்’ என்ற சொல்லை நீக்குமாறு வால்வ் கேட்டுக்கொள்ள, பெயர் வெறும் ‘பிளாக் மேசா’ ஆயிற்று. குழுவினர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் ‘க்ரோபார் கலெக்டிவ்’, அதாவது அந்த இரும்புக் கம்பியின் பெயரால் அமைந்த கூட்டமைப்பு. பல நாடுகளில் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள், தத்தம் படிப்புக்கும் பிழைப்புக்கும் போக எஞ்சிய நேரத்தில், இணையம் வழியாகவே சேர்ந்து உழைத்தார்கள்.

2008-இல் ஒரு முன்னோட்டக் காட்சி வந்தது. 2009 இறுதியில் விளையாட்டு வரும் என்றார்கள், வரவில்லை. வாக்களிக்கப்பட்டு வந்தே சேராத பொருட்களைக் கேலி செய்து ‘வயர்டு’ என்ற அமெரிக்க இதழ் வெளியிட்ட பட்டியலில் 2009-லும் 2010-லும் பிளாக் மேசா இடம்பெற்றது. கேலி செய்வது எளிது. இந்த வேலை எத்தகையது என்பதைச் சற்றே நோக்குவோம்.

1998-இன் ஹாஃப்-லைஃப், 133 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் கணிப்பொறியிலும் 24 மெகாபைட் நினைவகத்திலும் ஓடவேண்டும் என்று அமைக்கப்பட்டது. ஆகவே ஒரு மேசை என்றால் ஒரு பெட்டி. அதன்மேல் மேசையின் படத்தை ஒட்டிவிட்டால் போதும். சுவரில் உள்ள குழாயும் பல வேளைகளில் படம்தான். ஆய்வுக்கூடம் முழுவதிலும் ஏறக்குறைய நான்கே முகங்கள் கொண்ட விஞ்ஞானிகள் திரும்பத் திரும்ப வருவார்கள். ஒரு விஞ்ஞானி பூதத்தின் வாயில் மாண்டு போவார். அடுத்த அறையில் அவரே நின்று நம்மை வரவேற்பார்! அன்றைய கண்ணுக்கு அது உறுத்தவில்லை. புதிய என்ஜினில் அதே அறையை அமைத்தால் உறுத்தும். மேசைக்கு இழுப்பறை வேண்டும், அதன்மேல் காகிதம், கோப்பை, தொலைபேசி வேண்டும். தட்டினால் அவை விழவேண்டும். விழும் ஒலி அந்தந்தப் பொருளுக்கேற்ப இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் ஒருவர் வரைந்து, உருவம் கொடுத்து, வண்ணம் தீட்டி, ஒலி சேர்த்தாகவேண்டும். பழைய விளையாட்டிலிருந்து ஒரு படத்தையோ ஒரு குரலையோ எடுத்து ஒட்டிக்கொள்ளாமல், எல்லாவற்றையும் புதிதாகவே ஆக்குவது என்று இவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வசனங்களையும் தன்னார்வக் கலைஞர்கள் புதிதாகப் பேசினார்கள். ஜோயல் நீல்சன் என்பவர் முழுமையாகப் புதிய இசையமைத்தார். ஆண்டுகள் ஓடியதில் வியப்பென்ன?

2012 செப்டம்பர் 14 அன்று பிளாக் மேசா இலவசமாக வெளிவந்தது. ஆனால் முழுமையாக அன்று. ஃப்ரீமன் வேற்றுலக வாயிலுள் தாவும் இடத்தோடு நின்றுவிட்டது. ஸென் இல்லை. மூலத்தில் குறையுள்ள பகுதி அதுதான். அதை உள்ளவாறே மறுபடி செய்தால் குறையையும் சேர்த்துச் செய்வதாகும். மாற்றிச் செய்வதென்றால் அங்கே பின்பற்ற முன்மாதிரி எதுவும் இல்லை. ஆகவே அதைத் தனியே வைத்துக்கொண்டு பிறகு செய்வது என்று துணிந்தார்கள். அந்தப் ‘பிறகு’ ஏழரை ஆண்டுகள் நீண்டது.

உரிமை யாருடையது?

பிறர் உருவாக்கிய கதையையும் பாத்திரங்களையும் எடுத்துச் செய்வது சட்டப்படி உரிமையாளரின் இசைவைப் பொறுத்தது. எல்லா நிறுவனங்களும் இசைவதில்லை. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ‘மெட்ராய்டு 2’ என்ற விஞ்ஞானக் கதை விளையாட்டை ரசிகர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களுக்குள் நிண்டெண்டோவின் சட்ட நடவடிக்கையால் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அந்நிறுவனமே அதே விளையாட்டைப் புதுப்பித்து விற்றது. சட்டத்தில் பிழையில்லைதான். மனம் மட்டும் ஒப்பவில்லை.

வால்வ் நிறுவனத்தின் வழி வேறு. தன் என்ஜினில் புது ஆட்டங்கள் செய்வதற்கான கருவிகளை அது ரசிகர்களுக்குத் திறந்தே வைத்திருந்தது. அதனால் அதற்கு நட்டமும் இல்லை. இன்று உலகெங்கும் ஆடப்படும் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’, 1999-இல் ஹாஃப்-லைஃப் மீது ரசிகர் இருவர் கட்டிய மாற்றுருவாகத்தான் பிறந்தது. வால்வ் அதனை ஏற்று 2000-இல் தன் பெயரில் வெளியிட்டது. 2007-இல் வந்த ‘போர்ட்டல்’ விளையாட்டின் கருவும், டிஜிபென் என்ற கல்விக்கூடத்தின் மாணவர்கள் சிலர் 2005-இல் தம் படிப்புக்காகச் செய்து காட்டிய ஒரு சிறு விளையாட்டிலிருந்து வந்ததே. அம்மாணவர்களை வால்வ் அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டது. (நம் கல்லூரிக் கண்காட்சியில் வைக்கும் மாதிரிகளை மறுநாளே கலைத்துப் பரணில் போடுபவர்கள் இவ்விடத்தைக் கவனிக்கவும்.)

இவ்வழியில் வந்த நிறுவனமாதலால், பிளாக் மேசாவை விலைக்கு விற்கவே அது இசைவளித்தது. 2013-இல் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. 2015 மே மாதம் ‘ஸ்டீம்’ என்னும் வால்வின் இணையக் கடையில், முடிவுறாத நிலையிலேயே, சுமார் 20 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அந்த வருவாய்தான் ஸென் பகுதியை எழுப்பக் கைகொடுத்தது.

சுருக்கமும் பெருக்கமும்

நண்பர் ஒருவரின் கணிப்பொறியில் மூலத்தையும் புதியதையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தபோது எனக்கு முதலில் தட்டுப்பட்டவை பெருக்கங்கள் அல்ல, சுருக்கங்களே. ‘ஆன் எ ரெயில்’ என்ற அத்தியாயத்தில் பழைய விளையாட்டில் சுரங்க ரயில் பாதைகள் பின்னிப் பிணைந்து கிடக்கும். வழி தவறியவர் சுற்றிச் சுற்றி வருவார். பலருக்கு அது பிடிக்காது. புதியதில் அதனை வெட்டிக் குறைத்துவிட்டார்கள். தலைச்சுற்றல் தீர்ந்தது உண்மை. ஆனால் அந்த ஆய்வுக்கூடம் எல்லையற்றது என்ற மலைப்பும் சேர்ந்தே போயிற்று. இதில் என் ஓட்டு பழையதற்கே.

பரப்பு இழுவிசை அத்தியாயத்திலும் முதலில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. அப்போது நடந்ததுதான் சுவையானது. ரசிகர்கள் செய்த விளையாட்டில் விடுபட்டதை, அந்த விளையாட்டின் ரசிகர் ஒருவர் தாமே செய்து வெளியிட்டார்! அது நன்றாக இருக்கக் கண்ட குழுவினர் அவரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டு, 2015 பதிப்பில் அப்பகுதியை விளையாட்டோடு இணைத்துவிட்டார்கள்.

பெருக்கங்களுள் சிறியதாயினும் நுட்பமானது முகங்களைப் பற்றியது. நான்கு முகங்களே திரும்பத் திரும்ப வந்த இடத்தில் இப்போது பல முகங்கள்; மூலத்தின் ஆய்வுக்கூடத்தில் காணப்படாத பெண் விஞ்ஞானிகளும் இங்கே பணியாற்றுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஈலை வான்ஸ், ஐசக் க்ளைனர் ஆகிய இரு விஞ்ஞானிகள் ஃப்ரீமனின் பழைய சகாக்கள் என்று 2004-இன் இரண்டாம் விளையாட்டு கூறுகிறது. 1998-இன் முதல் விளையாட்டிலோ அப்பெயர்களே இல்லை. பெயரற்ற விஞ்ஞானிகள்தாம் இருந்தார்கள். புதுப்பித்தவர்கள் பின்னோக்கிச் சென்று, பரிசோதனை நாளன்று அவ்விருவரையும் உரிய இடத்தில் நிறுத்திவிட்டார்கள். தொடர்கதையின் இரண்டாம் பாகத்தைப் படித்தவர் ஒருவர் முதல் பாகத்தைத் திருத்தியெழுதினால் எப்படியிருக்கும், அப்படி. முன்பின் முரண் நீங்கிற்று. நண்பர்கள் என்று தெரிந்தபின் அவர்களைப் பிரிந்து செல்வதும் கடினமாயிற்று.

படைவீரர்களைப் பற்றி ஒரு சொல். மூலத்தில் அவர்கள் கூடிப் பேசி, சுற்றி வளைத்து, கையெறி குண்டு வீசி மறைவிலிருந்து நம்மை வெளியேற்றும் அறிவுடையவர்களாகப் புகழ் பெற்றிருந்தார்கள். புதியதில் அவர்களின் குறி சற்று மிகையாகவே தப்பாமல் இருக்கிறது. இது நான் மட்டும் சொல்லும் குறையன்று.

ஸென்

2019 இறுதிக்குள் ஸென் பகுதி சோதனைப் பதிப்பாக முழுமையும் வந்து, 2020 மார்ச் 6 அன்று விளையாட்டு நிறைவான முதல் பதிப்பாக வெளியாயிற்று. பழையதில் ஒரு மணி நேரத்தில் முடிந்த பகுதி இப்போது பல மணி நேரம் நீள்கிறது. நீட்டுவது பெரிய காரியமன்று. இன்னும் இருபது பாறைகளை மிதக்கவிட்டால் நீண்டுவிடும். இவர்கள் அவ்வாறு செய்யாமல், மூலத்தில் விதையாகக் கிடந்தவற்றைத் தேடிப் பொறுக்கி, அவற்றிலிருந்து வளர்த்தார்கள். என் கருத்தில் இந்த மறுபடைப்பின் உயிர்நாடி இதுவே. மூன்று விதைகளைக் காண்போம்.

பழைய ஸென்னில் அங்கங்கே ஃப்ரீமன் அணிந்தது போன்ற கவசமணிந்த மனித உடல்கள் கிடக்கும். அவர்கள் யார்? ஆய்வுக்கூடம் முன்பே இவ்வுலகுக்கு ஆட்களை அனுப்பி மாதிரிகள் சேகரித்தது என்று ஓரிரு வரிகளில் மூலம் சொல்லும். அதற்குமேல் ஒன்றும் இல்லை. உடல்களின் அருகில் கிடக்கும் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு நாமும் போய்விடுவோம். புதியவர்கள் கேட்ட கேள்வி எளியது: அவர்கள் எங்கே தங்கினார்கள்? விடையாக, ஸென் உலகின் புதர்களுக்கும் நீர்நிலைகளுக்கும் நடுவே மனிதர் அமைத்த ஆய்வு முகாம்கள் எழுந்தன. கூடாரங்கள், கருவிகள், மின்கம்பிகள், கூண்டில் அடைத்துச் சோதிக்கப்பட்ட உயிர்கள். மின்சாரம் அறுந்து கிடக்கும் அந்தக் கூடங்களில் கம்பிகளை இழுத்துச் செருகி இயந்திரங்களை ஓட்டவைப்பதுதான் ஆடுபவரின் வேலை. அப்போது ஒரு கசப்பான உண்மை புலப்படுகிறது. முதல் நாள் நடந்தது வெறும் விபத்தன்று. அதற்கு முன்பே மனிதர்கள் இங்கு நுழைந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள். யார் யாருடைய உலகுக்குள் படையெடுத்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. விளையாட்டு அதனை வாய்விட்டுச் சொல்லவில்லை. கூடாரத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

அடுத்தது தாவல். மேலே கணக்கிட்டுக் காட்டிய தொல்லையை நீக்க, நீள்தாவல் கருவியை மாற்றியமைத்தார்கள். காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை விசையை அழுத்தினால் உந்துதல் கிடைக்கிறது. புறப்படும்போது நேர்ந்த திசைப்பிழையை நடுவழியில் திருத்திக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றத்தால் தாவல் என்பது தண்டனை நிலையிலிருந்து பறத்தலாகிவிட்டது. கோனார்க் என்ற மாபெரும் எட்டுக்கால் பூச்சி போன்ற பூதம் பழையதில் குகைக்குள் நின்று சண்டையிடும். இங்கே சுரங்கங்கள் வழியே நம்மைத் துரத்தித் துரத்தி வருகிறது. ஓடுவதற்கேற்ற கால்களை ஆடுபவருக்குக் கொடுத்துவிட்டதால்தான் அத்துரத்தல் இயன்றது. இயக்க விதியை மாற்றினால் கதையும் மாறுகிறது.

மூன்றாவதுதான் என்னை மிகவும் தொட்டது. வோர்ட்டிகாண்ட் என்ற உயிரினம் ஒன்று உண்டு. கூன் விழுந்த உடல், ஒற்றைப் பெருங்கண், கைகளிலிருந்து பச்சை மின்னல். விளையாட்டின் தொடக்கத்திலிருந்தே நாம் நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்தும் எதிரி. சற்று நின்று பார்த்தால் அவற்றின் கழுத்திலும் மணிக்கட்டிலும் விலங்குகள் பூட்டப்பட்டிருப்பது தெரியும். அவை அடிமைகள். இரண்டாம் விளையாட்டில் அதே இனம் விடுதலை பெற்று நமக்கு நன்றி சொல்லும். ஆனால் 1998-இன் விளையாட்டில் இதற்கு இருந்த சான்று மிகச் சிறிது. இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில், தொழிற்கூடம் ஒன்றில் வேலை செய்யும் சில வோர்ட்டிகாண்ட்கள், நாம் தாக்கினாலன்றி நம்மைத் தாக்கமாட்டா. பலர் இதைக் கவனியாமலே சுட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

இச்சிறு விதையை எடுத்து, ‘இன்டர்லோப்பர்’ என்ற அந்த அத்தியாயம் முழுவதையும் புதியவர்கள் அதன்மேல் கட்டினார்கள். இப்போது வோர்ட்டிகாண்ட்களின் குடியிருப்புகளை நாம் காண்கிறோம். நம்மைக் கண்டு அஞ்சி ஒதுங்குகின்றன. மேலே மிதந்து வரும் ஆளும் இனத்தவர் அவற்றின் மனத்தைப் பற்றிக்கொள்ளும்போது மட்டுமே நம்மீது பாய்கின்றன. அந்த ஆளுநரை வீழ்த்திவிட்டால், பாய்ந்துகொண்டிருந்தது அப்படியே நின்று பின்வாங்கிவிடுகிறது. எனவே இங்கே திறமை என்பது அடிமையைச் சுடாமல், அவனை ஆட்டுவிப்பவனைச் சுடுவது. முதல் மணி நேரத்திலிருந்து நாம் சுட்டுத் தள்ளியவையெல்லாம் யார் என்பது இங்கு வந்தபின்தான் உறைக்கிறது. துப்பாக்கி கையில் இருந்தும் விசையை அழுத்தத் தயங்கும்படி ஒரு சுடும் விளையாட்டு செய்துவிட்டதென்றால், அந்த விரிவுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

குறையும் உண்டு. அடிமைகள் உழைக்கும் அந்தத் தொழிற்கூடம் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. ஓடும் பட்டைகளில் தாவி ஏறுவது, இறங்குவது, மீண்டும் ஏறுவது. முதல் முறை வியப்பு, மூன்றாம் முறை அயர்வு. பழைய ஸென்னில் குறைவால் வந்த சலிப்பு, இங்கே மிகுதியால் எட்டிப் பார்க்கிறது. இறுதியில் வரும் நிஹிலாந்த் என்ற பெருந்தலைவனோடு நடக்கும் போர் கண்ணுக்கு விருந்து. சொல்ல வேறு அதிகமில்லை.

இனி, விரித்தெழுதும் உரிமை பற்றி. மூலத்தை இம்மியும் மாற்றலாகாது என்பவர்களுக்கு 1998-இன் விளையாட்டு இன்றும் அழியாமல் கிடைக்கிறது. பிளாக் மேசா அதனை அகற்றிவிட்டு அவ்விடத்தில் அமரவில்லை. அதனால் நான் கேட்கும் கேள்வி, மாற்றினார்களா என்பதன்று. மாற்றியது மூலத்திலிருந்து முளைத்ததா என்பதே. கவசமணிந்த உடல்களிலிருந்து முகாம்கள் முளைத்தன. விலங்கு பூட்டிய கைகளிலிருந்து குடியிருப்புகள் முளைத்தன. ஓடும் பட்டைகள் எதிலிருந்தும் முளைக்கவில்லை. அங்குதான் நமக்கும் அலுக்கிறது. ரயில் பாதையை வெட்டியபோதும் இதே அளவுகோல்தான்: வழிதவறல் என்ற தொல்லைக்குள் மலைப்பு என்ற வேர் ஓடியது, இரண்டும் சேர்ந்து போயின.

2020 நவம்பரில் பழைய அத்தியாயங்களையும் ஸென்னின் தரத்துக்கு மெருகேற்றி இறுதிப் பதிப்பை வெளியிட்டார்கள். 2005-இல் கூடியவர்களுக்கு அதற்குள் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஹாஃப்-லைஃப் கதையை ஒரு காவலாளியின் பார்வையில் சொல்லும் ‘ப்ளூ ஷிஃப்ட்’ என்ற துணை விளையாட்டு ஒன்று 2001-இல் வந்திருந்தது. (இதுவும் இயற்பியல் பெயர்தான்: நீலப் பெயர்ச்சி. நீலச் சட்டைக் காவலாளியின் வேலைமுறை என்றும் பொருள் கொள்ளலாம்.) இப்போது வேறொரு ரசிகர் குழு, பிளாக் மேசாவை அடித்தளமாகக் கொண்டு அதனைப் புதுப்பிக்கத் தொடங்கி, 2021 முதல் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டு வருகிறது.